ஆணி பிடுங்கிய பலகை

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணுக்குக் கல்யாண உடை வாங்கினால், கடையிலிருந்து வண்டி நேரே நோர்லா வீட்டுக்குத்தான் போகும். யூட்டாவில் எந்தக் கடையில் பார்த்தாலும் வெள்ளை உடைகள் கை இல்லாமல், பாதி முதுகு தெரியத்தான் தொங்குகின்றன. கல்யாணம் நடக்கும் எங்கள் ஆலயத்துக்குள் அப்படிப் போக முடியாது. கை மணிக்கட்டு வரை நீள வேண்டும், கழுத்து ஏற வேண்டும், முதுகு மூட வேண்டும், லேஸ் வைத்தால் அடியில் உள்துணி கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒட்டுப்போட்டது தெரியாமல் செய்து கொடுப்பவள் நோர்லா.

"கடைக்காரன் கை இல்லாம விக்கறான், ஆண்டவர் கை இருந்தாத்தான் உள்ள விடறார். நடுவுல நான் பொழைக்கறேன்" என்பாள், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே. பெண்ணைப் பெற்றவள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருக்கும், எங்கள் சபைத் தலைவரான தீர்க்கதரிசியின் படத்தைப் பார்ப்பாள்.

அறுபது வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மலைச்சரிவில் ஆடு வளர்த்த ஆர்டன் என்ற நல்ல மனிதன் அவளை இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் மாட்டேன் என்றாள். அவன் மூன்றாம் முறை கேட்கவில்லை. மற்ற பெண்களைக் கூட்டம் கூட்டமாக ஆலயத்துக்கு அனுப்பி வைத்தவள் தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பத்துமூன்று வருஷமாகத் தெரியும். என் பெயர் கோரலி, அவளுடைய பக்கத்து வீடு, அவள் வயதுதான். நான் எழுதப்போவதில் எனக்கு நல்ல பெயர் எங்கும் கிடைக்காது. அதனால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் சபையில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் குணங்களில் ஒழுக்கம் என்று ஒன்று உண்டு. இப்போது அதற்கு ஒரு நிறம்கூடக் கொடுத்திருக்கிறார்கள், பொன்னிறம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களில் யாருக்கும் பொய் சொல்லாமை, இரக்கம், துணிச்சல் எதுவும் நினைவுக்கு வராது. பெண்ணின் உடம்பு ஒன்றுதான் வரும். நாங்கள் படிக்கும் ஆங்கில வேதத்தில் அதே சொல்லுக்கு வல்லமை என்றும் பொருள் இருக்கிறது. அங்கியின் ஓரத்தைத் தொட்ட பெண்ணுக்குள் ஆண்டவரிடமிருந்து இறங்கியது அந்த வல்லமைதான். அந்தப் பொருளை ஆண்பிள்ளைகளின் வகுப்பில் சொன்னார்களோ என்னவோ. எங்கள் வகுப்புக்கு ஒரு பலகை வந்தது.

1973இல் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சிஸ்டர் பியூலா; எங்கள் சபையில் பெண்கள் எல்லோருமே சிஸ்டர்தான். கணவருடைய பட்டறையிலிருந்து ஒரு பைன் பலகையும் சுத்தியலும் எடுத்து வருவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு ஆணி அடிக்க வேண்டும். பிறகு அவரே குறடால் ஆணிகளைப் பிடுங்குவார். "பாத்தீங்களா பொண்ணுங்களா, ஆணி வந்துருச்சு. மனந்திரும்பினா ஆண்டவர் மன்னிப்பார். ஆனா ஓட்டை?" என்று பலகையை எங்கள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நாங்கள் ஓட்டைகளைப் பார்ப்போம். அதன் பிறகு ஒரு வசனம் படிக்க வைப்பார். பழங்காலப் போர் ஒன்றில் சிறைபிடித்த பெண்களைப் போர்வீரர்கள் பலவந்தம் செய்ததைப் பற்றிய வசனம் அது. எல்லாவற்றையும்விட அருமையானதை, கற்பையும் ஒழுக்கத்தையும், அந்தப் பெண்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று அதில் வரும். அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு கையெழுத்துக் கிடைக்கும்.

அந்த வருஷம் ஆகஸ்டில் சபையின் இளைஞர்களை எல்லாம் மலைக்கணவாய்க்கு அழைத்துப் போனார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து நாங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கெய்லன் தோர்ப் வந்து, தண்ணீர் கேனைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று நோர்லாவைக் கூப்பிட்டான். கெய்லன் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். நல்ல உயரம், பாட்டு வரும், அப்பா சபையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நான்கூட, என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிட்டானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் மட்டும் கேனோடு வந்தான். நான் அவளைத் தேடிப் போனேன். ஓடைக்கரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையின் தோள் தையல் முழுக்கப் பிரிந்திருந்தது. முழங்கையில் ரத்தம்.

"விழுந்துட்டியா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விழவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன், அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதற்காக.

"வேணாம்னு சொன்னேன் கோரலி. எத்தனையோ தடவை சொன்னேன்" என்றாள்.

நான் என் பச்சைக் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டிவிட்டேன். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே அவள் வண்டியில் வந்தாள். மூன்று நாள் கழித்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, திருப்பிக் கொடுத்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெரிய உதவி செய்துவிட்டதாகவே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பலகைப் பாடம் வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நோர்லா சிஸ்டர் பியூலாவிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"சிஸ்டர், அந்த வசனத்துல வர்ற பொண்ணுங்க எதுவும் பண்ணலியே. அவங்கள பலவந்தம்தானே பண்ணாங்க. அப்பவும் அது போயிடுச்சுன்னா அர்த்தம்?"

பியூலா கெட்ட மனுஷி இல்லை. ஆணிகளை டப்பாவில் எண்ணிப் போட்டுக்கொண்டே, "போயிடுச்சுன்னுதானே கண்ணு எழுதியிருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை என்ன நினைத்துச் சொன்னாரோ, அவருக்கே மறந்திருக்கும்.

நோர்லா அடுத்த ஞாயிறு பிஷப்பைப் பார்க்கப் போனாள். இதை எங்கள் ஆட்களுக்குத்தான் புரியவைக்க முடியும். அடி பட்டவள் புகார் கொடுக்கப் போகவில்லை, பாவ அறிக்கை செய்யப் போனாள். தன்னிடம் இருந்த ஒன்று போய்விட்டது, போய்விட்டால் பிஷப்பிடம் சொல்ல வேண்டும், அதுதானே நாங்கள் படித்தது. யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குப் பிஷப் என்றால் சில வருஷத்துக்குப் பொறுப்பேற்கும் ஊர்க்காரர் ஒருவர்தான்; அப்போதைய பிஷப் ஓர்வல் என்கிற வான்கோழிப் பண்ணைக்காரர், ஆறு பிள்ளை பெற்றவர், கூச்ச சுபாவம். அவர் யார், எப்படி, என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பது அசிங்கம் என்று நினைத்திருப்பார். கொஞ்ச காலம் ரொட்டி எடுக்காமல் இரு, ஜெபம் பண்ணு, ஆண்டவர் குணப்படுத்துவார் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிறுதோறும் சபையில் ரொட்டித் துண்டுகளும் தண்ணீரும் தட்டில் வரிசை வரிசையாக வரும். கைக்குக் கை மாறும். எடுக்கக் கூடாதவர் எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டைக் கடத்த வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் பார்க்காதவர் ஒருவரும் கிடையாது. பதினேழு வயசுப் பெண் ஒருத்தி வாராவாரம் தட்டைக் கடத்தினால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று சொல்லவும் வேண்டுமா? அவள் கடத்துகிற தட்டு என் கைக்குத்தான் வரும். நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

அந்த ரொட்டியை ஆசீர்வதிப்பது எங்கள் சபையில் பெரிய பையன்களின் வேலை; மேஜையருகே அதற்காக மண்டியிட்டவன் கெய்லன். நல்ல கணீரென்ற குரல். ஒரு எழுத்துப் பிசகாமல் ஜெபம் சொல்வான். வயதான அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பதினான்கு மாதம் நோர்லா ரொட்டியைத் தொடவில்லை. அதில் ஒரு வருஷம் அவன்தான் ஆசீர்வதித்தான். பிறகு சபையைப் பரப்பும் இரண்டு வருஷ ஊழியத்துக்கு வெளிநாடு போனான். வழியனுப்பு நாளில் சபையே நிரம்பி, மடக்கு நாற்காலிகள் போட்டார்கள். நான் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் செய்து கொண்டுபோனேன்.

ஊர் மறந்தது. நோர்லாவை மட்டும் "பாவம், நல்ல பொண்ணு" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். அவள் தையல் கற்றாள், பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினாள், சாவு வீடுகளுக்கு உருளைக்கிழங்குப் பதார்த்தம் செய்து கொடுத்தாள். "இந்த ஊர்ல ஒருத்தர் செத்தா அழறதுக்கு முன்னாடி ஜெல்லி கலக்க ஆரம்பிச்சுடறாளுங்க" என்று கிண்டல் பண்ணுவாள். ஆர்டன் கேட்டபோது ஏன் மறுத்தாள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவன் நல்லவன்டி. ஓட்டைப் பலகைய அவன் தலைல கட்டணுமா?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நாற்பது வயதில்தான் அவள் ஆலயத்துக்குள் போகும் அட்டையை முதன்முதலாக வாங்கினாள். அது சும்மா கிடைப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறைக்குள் தனியாக உட்கார வைத்துப் பிஷப் கேள்வி கேட்பார். அதில் ஒரு கேள்வி கற்பைப் பற்றியது. நேர்மையாகப் பதில் சொன்னால் கையெழுத்துப் போடுவார். அப்போதிருந்த பிஷப் வெளியூரிலிருந்து வந்தவர். போட்டார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமே. எனக்கு சபையில் பெண்பிள்ளைகளின் வகுப்பைக் கொடுத்தார்கள். பியூலா அந்தப் பலகையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பத்து வருஷத்துக்கு மேல் நானும் ஆணி அடிக்க வைத்தேன், பிடுங்கினேன், தூக்கிப் பிடித்தேன், அந்த வசனத்தை ஒப்பிக்க வைத்தேன். சில வருஷம் நோர்லாவே அறையின் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பொன்னிறத் தலையணை உறை தைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பலகையைத் தூக்கும்போது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கெய்லனுடைய மகன் என் மகளைக் கேட்டு வந்தபோது நான் சரி என்றேன். பையன் நல்லவன், அப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆக, கெய்லன் எனக்குச் சம்பந்தி. ஞாயிறு மத்தியானம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வறுத்த மாட்டிறைச்சி சாப்பிடுகிறோம். நான்கு பேரப்பிள்ளைகள் எங்களுக்குப் பொது. என் மகளின் உடைக்குக் கை வைத்துத் தைத்ததும் நோர்லாதான்.

மூன்று வருஷம் முன்னால் கெய்லனையே எங்கள் பிஷப் ஆக்கினார்கள். அதற்கடுத்த வருஷம் நோர்லாவின் அட்டை காலாவதியானது. அவள் புதுப்பிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இந்த வருஷம் கேட்க வேண்டி வந்தது. நோர்லாவின் தங்கை ஜானீன் புற்றுநோயில் செத்தபோது அவள் மகள் பிரிண்லிக்கு ஆறு வயது. அப்பன் லாரி ஓட்டுபவன், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டான். நோர்லாதான் வளர்த்தாள். ஜூன் மாதம் பிரிண்லிக்கு ஆலயத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. உள்ளே அட்டை உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். இல்லாதவர் பெற்ற தாயாக இருந்தாலும் வெளியே புல்வெளியில் காத்திருக்க வேண்டியதுதான். இது எங்கள் வழக்கம், யாரும் கேள்வி கேட்பதில்லை.

உடையின் அளவு பார்க்கிற அன்று நானும் அங்கே இருந்தேன். பிரிண்லி ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, "பெரியம்மா, உள்ள அம்மா உக்கார்ற எடத்துல நீங்கதான் உக்காரணும். நான் சொல்லிட்டேன். வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்" என்றாள்.

"கைய அசைக்காதடி, குத்திடும்" என்றாள் நோர்லா.

"அட்டை புதுப்பிச்சுட்டீங்கள்ல?"

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? பிஷப் உங்களுக்குப் போடாமலா இருப்பாரு? உங்களவிட ஒழுக்கமானவங்க இந்த ஊர்ல யாரு?"

நோர்லா குனிந்து உடையின் ஓரத்தை மடித்தாள். நான் குண்டூசி டப்பாவைக் கீழே தட்டிவிட்டு, அதைப் பொறுக்குகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிஷப்பின் உதவியாளர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தாள். "காலாவதி ஆகி ரெண்டு வருஷம் ஆயிடுச்சே சிஸ்டர், பிஷப்பே பாக்கறதுதான் முறை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் ஊரில் யார் சொல்வதிலும் தப்பே இருக்காது.

அந்த வாரத்தில்தான் சபைத் தலைமையிடமிருந்து பெண்பிள்ளைகளின் பாடத்துக்கான புதிய பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன். ஒழுக்கம் என்ற தலைப்பு அப்படியே இருந்தது, பொன்னிறமும் இருந்தது. அந்த வசனத்தைக் காணோம். எடுத்துவிட்டார்கள். என் கைக்கு வந்த தாளில் ஏன் என்று ஒரு வரி இல்லை, தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி நோர்லா வீட்டுக்கு ஓடினேன். என்னவோ அவளுக்கு விடுதலைப் பத்திரம் கொண்டுபோவதாக நினைப்பு.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க நோர்லா. அந்தப் பொண்ணுங்க எதையும் இழக்கலன்னு இப்பத்தான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு."

"அப்ப எங்கிட்டேர்ந்து எதுவும் போகல."

"போகலடி."

"நாப்பத்திமூணு வருஷமா எங்கிட்டயேதான் இருந்துதா?" என்றாள். தாளை மடித்தாள். "ஆர்டன்கிட்ட யாரு போய்ச் சொல்றது? அவன் பேரன் எடுத்துட்டானே."

நான் எதிர்பார்த்தது அழுகை. அவளுக்கு வந்தது கோபம். முகம் வெளுத்து, வாய் கோணிக்கொண்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. "வர்ற ஞாயிறு பிஷப்ப பாக்கப் போறேன். நீ கூட வா. வாசல்ல உக்காரு போதும்" என்றாள்.

போனோம். பிஷப்பின் அறைக்கு வெளியே பூப்போட்ட சோபாவில் நான் உட்கார்ந்தேன். அறைக்கதவில் ஒரு சிறிய கண்ணாடி, அதன் வழியாகக் கெய்லனின் நரைத்த தலை மட்டும் தெரிந்தது. பதினோரு நிமிஷத்தில் அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே கதவுவரை வந்த கெய்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தியம்மா, பேரன் பல்லு விழுந்துருச்சாமே" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தேன்கூட.

வண்டியில் ஏறியதும் நோர்லா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தாள மேஜைல வச்சேன். பாத்தீங்களா பிஷப், எடுத்துட்டாங்களேன்னேன். 'நல்ல மாற்றம் சிஸ்டர்'ங்கறான். சரின்னு, கெய்லன், அன்னிக்கு நீ பண்ணினதுக்கு நான் பதினாலு மாசம் ரொட்டி தொடல, நீ எத்தன மாசம் தொடலன்னு கேட்டேன்."

"அய்யோ. என்ன சொன்னான்?"

"அழுதுட்டான்டி. ஊழியத்துக்குப் போன எடத்துல அவன் தலைவர்கிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டானாம். அந்த மனுஷனும் அழுதாராம், ரெண்டு பேரும் சேந்து மண்டிபோட்டாங்களாம். 'நாம ரெண்டு பேரும் சின்ன வயசுல தப்பு பண்ணிட்டோம், ஆண்டவர் அத எப்பவோ மறந்துட்டார் நோர்லா'ங்கறான்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும். நாப்பத்திமூணு வருஷமா அவன் எனக்கும் சேத்து மன்னிப்பு வாங்கி வச்சிருக்கான்." அவள் சிரித்தாள். "அப்பறம் அட்டைய எடுத்து, 'உன்ன எனக்குத் தெரியாதா, கேள்வியே வேணாம்'னு பேனாவத் தொறந்தான். நான் ஒழுக்கமானவன்னு அவன் கையெழுத்துப் போடறான் கோரலி. நான் அட்டையப் பிடுங்கி பைக்குள்ள போட்டுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்."

"போட்டா போட்டுட்டுப் போறான்! பிரிண்லி கல்யாணம்டி. ஒரு கையெழுத்துதானே?"

"நீ வாங்குவியா?"

அவள் வண்டியைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினாள்.

"பிஷப்புக்கு மேல இருக்கறவர்கிட்ட போலாம்னு இருக்கேன். இவர் என்னக் கேள்வி கேக்கக் கூடாது, ஏன்னா இவர்தான் அதப் பண்ணினவர்னு சொல்லணும். அவரே என்னப் பாத்துக் கையெழுத்துப் போட்டுடலாம். ஆனா என் பேச்ச மட்டும் வச்சு ஒரு பிஷப்ப எப்படி நம்பாமப் போவாங்க? சாட்சி இருக்கான்னு கேப்பாங்க. என் சட்ட எப்படிக் கிழிஞ்சிருந்துதுன்னு பாத்தவ நீ ஒருத்திதான். வருவியா?"

கண்ணாடிக்கு வெளியே சபையின் வாகன நிறுத்தத்தில் என் மகள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கடைசிப் பொடியன் அவன் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினான். தாத்தா கெய்லன் அவனைச் சுற்றிச் சுற்றித் தூக்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்கு அதுவே போதுமானது.

நோர்லா சாவியைத் திருப்பினாள். "சரி விடு. பிரிண்லி உடைக்குப் பொத்தான் தைக்கணும். முப்பத்தியாறு பொத்தான்" என்றாள்.

பிரிண்லியிடம், அட்டையைப் புதுப்பிக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை. பெரியம்மாவுக்கு ஏதோ சங்கடம் இருக்கிறது, வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, என்று அவளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அவள் கண்ணில் அதைப் பார்த்தேன். அன்றைக்கு ரொட்டித் தட்டைப் பார்த்தவர்கள் கண்ணில் இருந்த அதே பார்வை. பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "கோரலி ஆன்ட்டி, அம்மா எடத்துல நீங்க உக்காருவீங்களா?" என்றாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆலயம் குன்றின் மேல் இருக்கிறது, அங்கே எப்போதும் காற்று. நோர்லா தன் மடக்கு நாற்காலியைப் பிக்கப்பிலிருந்து எடுத்துப் புல்வெளியில் ஒரு மரத்தடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு மூன்று குடும்பங்களின் சின்னப்பிள்ளைகளும், மாப்பிள்ளையின் அண்ணன்களில் சபையைவிட்டு விலகிப்போன ஒருவனும் அங்கே இருந்தார்கள். அந்தப் பையன் பெரிய டம்ளரில் டயட் கோலா வைத்திருந்தான். "நீங்க என்ன தப்புப் பண்ணீங்க ஆன்ட்டி?" என்று விளையாட்டாகக் கேட்டான்.

"தண்ணி கேன் தூக்கினேன்" என்றாள் நோர்லா.

நான் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். அதற்கு அட்டை தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை, இன்னொரு நாற்காலி போதும். பிக்கப்பில் இன்னொன்று இருந்தது.

"போடி, நேரமாச்சு. மண்டிபோடும்போது எடது கைல மடிப்பு இழுக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு. அங்க கொஞ்சம் சந்தேகம் எனக்கு" என்றாள்.

நான் போனேன். வாசலில் வெள்ளை உடைக்காரர் என் அட்டையைப் பார்த்து, "வாங்க சிஸ்டர்" என்று கையைக் குலுக்கினார். என் அட்டையில் கெய்லனின் கையெழுத்து இருக்கிறது. உள்ளே அம்மாவுக்கான நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு நேரெதிரே, பிஷப் என்ற முறையில், கெய்லன் உட்கார்ந்திருந்தார். பிரிண்லி பீடத்தின் அருகே மண்டியிட்டுக் கையை நீட்டியபோது கையின் மடிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது. தோள் தையல் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு தேடினாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. கெய்லன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவருக்கு எப்போதுமே சுலபமாக அழுகை வரும்.

வெளியே வந்தேன். காற்று இன்னும் பலமாகியிருந்தது. நோர்லா மெல்லிய மேற்சட்டையோடு தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இழுத்துதா?"

"இல்ல. அழகா விழுந்துது."

"அவன் உள்ள இருந்தானா?"

"இருந்தான்."

அவள் தலையை ஆட்டினாள். ஆலயத்தின் கதவைப் பார்த்தபடி இருந்தாள். நான் என் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போடப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"வேணாம் கோரலி. ஒரு தடவ போத்தி மூடினது போதும்" என்றாள்.

பிறகு பிரிண்லி வெளியே வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நோர்லா எழுந்து, நாற்காலியை மடக்கிவிட்டு, அவள் கைப் பொத்தானைச் சரிசெய்யப் போனாள். நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பலகை இன்னும் சபையின் அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லித் தாள் எதுவும் வரவில்லை.